ஏழாம் நம்பர் கட்டில்

வெர்னன் டாகெட்டின் முகம் அமெரிக்கா முழுக்கத் தெரிந்த முகம். வாரத்தில் மூன்று நாளாவது பகல் இரண்டு மணிக்கு அறுபது லட்சம் வீடுகளில் அந்த முகம் வந்துபோகும். ஆனால் அவர் கண் என்ன நிறம் என்று அந்த அறுபது லட்சத்தில் ஒருவருக்கும் தெரியாது. குரல் கீச்சா கட்டையா என்பதும் தெரியாது. 'ஹாலோவெல் குன்று' என்ற பகல் நேரத் தொடரில், கிராண்ட் வெதர்பி என்ற பணக்கார வாரிசாக, மருத்துவமனையின் ஏழாம் நம்பர் கட்டிலில் பதினோரு வருஷமாக நினைவில்லாமல் படுத்திருப்பதுதான் அவர் உத்தியோகம்.

நெப்ராஸ்காவில் பஸ் ஏறி லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியபோது அவருக்கு வயது இருபத்துநாலு. முதலில் ஒரு போலீஸ் தொடரில் முதுகு வேடம் கிடைத்தது. இரண்டு வருஷம் கழித்து ஒரு கைக்கடிகார விளம்பரத்தில் இடது கை. நடுவில் ஒரு சவர சோப்பு விளம்பரத்துக்குத் தாடையின் கீழ்ப்பாதி. இப்படிப் பகுதி பகுதியாக முன்னேறி, முப்பத்தைந்தாம் வயதில் முழு உடம்புக்கும் வேலை வாங்கினார்.

"ரெண்டே வாரம்டா ராஜா," என்றாள் அவருடைய ஏஜென்ட் கிளாடிஸ் ஃபிங்க். "உன்னை யாரோ மாடிப்படியிலேருந்து தள்ளிவிட்டுட்டாங்க. மயக்கமாப் படுத்திருப்ப. பத்தாவது நாள் கண்ணு முழிச்சு, யாரு தள்ளிவிட்டதுன்னு சொல்லுவ. ஊரே அழும். எழுதி வச்சுக்கோ."

ஒன்பதாவது நாள் அந்தத் தொடரின் தலைமைக் கதாசிரியர் யாருடனோ சண்டை போட்டுக்கொண்டு வேலையை விட்டுப் போய்விட்டார். தள்ளிவிட்டது யார் என்ற ரகசியத்தையும் கையோடு எடுத்துப் போய்விட்டார். அவருக்குப் பின் வந்தவர், முன்னவர் ஏதோ பெரிய திட்டம் வைத்திருந்தார் போலும் என்று நினைத்தார். கேட்டால் மரியாதைக் குறைவு என்று கேட்கவில்லை. 'ஏழாம் கட்டிலைத் தொடாதே. முக்கியம்' என்று ஒரு சீட்டு எழுதி மேஜையில் ஒட்டிவைத்தார். அதற்குப் பின் ஏழு தலைமைக் கதாசிரியர்கள் வந்து போனார்கள். ஒவ்வொருவரும் அந்தச் சீட்டைப் படித்துத் தலையாட்டினார்கள்.

படுத்தபடியே வெர்னனுக்கு இரண்டு கல்யாணம் நடந்தது. ஒரு விவாகரத்தும் ஆனது. ஒரு கொலைக் குற்றம் சாட்டப்பட்டு, சம்பவத்தன்று நினைவில்லாமல் கிடந்ததாகச் சாட்சிகள் சொன்னதால் விடுதலையானார். நாலாவது வருஷம் அவருக்கு ஒரு இரட்டைச் சகோதரன் வந்து சேர்ந்தான். வாய் ஓயாமல் பேசும் பாத்திரம். அந்த வேடத்தை வேறொரு நடிகருக்குக் கொடுத்து, வெர்னன் மாதிரியே இருக்கும்படி தினமும் ஒன்றரை மணி நேரம் ஒப்பனை போட்டார்கள். "ஏன், எனக்கே தந்திருக்கலாமே?" என்று வெர்னன் கேட்டதற்கு, "நீங்க பேசி நாங்க பார்த்ததில்லையே," என்று பதில் வந்தது.

வேலையில் குறை வைக்கவில்லை அவர். அவர் மூச்சு விடும் அழகைப் பாராட்டி மின்னசோட்டாவிலிருந்து ஒரு மூளை வைத்தியர் கடிதம் எழுதியிருந்தார். எழுபத்தொன்பதில் படப்பதிவின் நடுவில் பூமி குலுங்கியது. கேமராக்காரர் முதல் காபி ஊற்றுபவர் வரை எல்லாரும் வாசலுக்கு ஓடினார்கள். வெர்னன் இமையைக்கூட அசைக்கவில்லை. ஆளில்லாமல் ஓடிய கேமராவில் பதிவானது அத்தனையும் அப்படியே ஒளிபரப்பானது. தூக்கத்தில் இருந்தார் என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். அது உண்மைதான். ஆனாலும் அதைச் சொன்ன தொனி சரியில்லை.

அவருக்கு இருந்தது ஒரே ஆசை. ஒரு வசனம் பேச வேண்டும். நீளமாக வேண்டாம். ஒரு வரி போதும். பேசினால்தான் அந்த ஊரில் நடிகன். பேசாதவனைக் கட்டில், மேஜை, குளுக்கோஸ் பாட்டில் வரிசையில் எழுதிவைப்பார்கள். நாற்பத்தாறு வயதாகியும் வாயால் ஒரு சொல் நடித்ததில்லை என்பது, பல் தேய்க்கும்போதெல்லாம் கண்ணாடியில் தெரிந்துகொண்டே இருந்தது.

எண்பத்தாறாம் வருஷம் வசந்தத்தில் பிரென்டிஸ் என்ற புதுத் தயாரிப்பாளர் வந்தார். முப்பத்தொரு வயது. சீட்டு கீட்டுக்கு மதிப்புக் கொடுக்கிற ஆளில்லை. முதல் நாளே ஏழாம் கட்டிலைச் சுற்றி இரண்டு தடவை நடந்துவிட்டு, "இந்த ஆளு எப்ப எழுந்திரிப்பாரு?" என்றார். யாருக்கும் தெரியவில்லை. "அப்ப அடுத்த புதன்கிழமை எழுந்திரிக்கட்டும்," என்றார்.

பர்பேங்க் ஸ்டூடியோவில் வசனம் முதலில் வெள்ளைத் தாளில் வரும். திருத்தினால் நீலத் தாள். அதையும் திருத்தினால் ரோஸ். அதற்கும் மேலே மஞ்சள். எந்தப் பக்கத்தில் யாருக்குப் பேச்சு இருக்கிறதோ அவர்கள் பெயர் போட்ட மரப்பெட்டியில் அந்தத் தாளை வைத்துவிடுவார்கள். பேச்சு இல்லாதவருக்குத் தாள் கிடையாது. பதினோரு வருஷமாக வெர்னனின் பெட்டியில் ஒரு சிலந்தி மட்டும் குடும்பத்தோடு இருந்தது.

திங்கட்கிழமை அதில் ஒரு ரோஸ் தாள் இருந்தது.

டாக்டர் ஸ்டெர்லிங் நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்து, "நாம தோத்துட்டோம்," என்று தலை குனிகிறார். அமைதி. அப்போது கிராண்ட் வெதர்பி கண் திறந்து, 'யாராவது ஜன்னலைத் திறங்க' என்கிறார். அவ்வளவுதான். மூன்று சொல்.

வெர்னன் வீட்டுக்குப் போய்க் கிளாடிசுக்கு போன் போட்டார்.

"மூணு வார்த்தை கிளாடிஸ்!"

"தெரியும், தெரியும். காது கேக்குது, கத்தாத. வாயே திறக்காம பதினோரு வருஷம் சம்பாதிச்ச ஒரே ஆளு நீ. என் வீட்டுக்காரரை ஒரு சாயங்காலம் அப்படி இருக்க வைக்க முடியல என்னால. அதைப் போய்க் கெடுத்துக்கறியே."

"முதல் வார்த்தைக்கு அழுத்தம் கொடுக்கலாமா, கடைசி வார்த்தைக்கா?"

"சத்தம் வருதான்னு முதல்ல பாரு ராஜா. துருப்பிடிச்சிருக்கப் போகுது."

இரண்டு நாள் அவர் அந்த மூன்று சொல்லையும் சொல்லிக்கொண்டே திரிந்தார். வேன் நைஸ் பகுதியில் அவர் குடியிருந்த கட்டடத்தில் மேல்மாடிக்காரர் தினமும் இறங்கி வந்து, "எங்க வீட்டு ஜன்னல் எல்லாம் திறந்துதான் இருக்கு சார்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கதாசிரியர்களின் அறையில் நடந்தது வெர்னனுக்குத் தெரியாது. முழித்த ஆள், தன்னைத் தள்ளிவிட்டது யார் என்று சொல்லியாக வேண்டுமே, யார் அது என்று பிரென்டிஸ் கேட்டார். மேஜையைச் சுற்றி இருந்த ஆறு பேரும் கூரையைப் பார்த்தார்கள். "யாருக்குமே தெரியாதா?" என்றார் பிரென்டிஸ். ஒருவர் இருமினார். "அப்ப செத்துப் போகட்டும்," என்றார் பிரென்டிஸ்.

மஞ்சள் தாள் வந்தது. அதிலும் டாக்டர் "நாம தோத்துட்டோம்" என்கிறார். ஆனால் உடனே போர்வையை இழுத்து முகத்தை மூடுகிறார். பிறகு ஒன்றரைப் பக்கத்துக்கு மரணத்தைப் பற்றிப் பேசுகிறார். செத்தவருக்கு வசனம் இல்லை. வசனம் இல்லாதவருக்குத் தாள் இல்லை. மரப்பெட்டியில் தாள் வைக்கும் பெண் தன் வேலையை ஒரு பிசகில்லாமல் செய்தாள். வெர்னன் பெட்டியை அவள் தாண்டிப் போனாள்.

புதன்கிழமை காலை ஒத்திகையில் தெரிந்திருக்குமே என்று கேட்கலாம். ஒத்திகைக்கு வெர்னனைக் கூப்பிடும் வழக்கமில்லை. அவருக்குப் பதில் கட்டிலில் ஒரு மணல் மூட்டை படுத்திருக்கும். மூட்டையின் நடிப்பை யாரும் குறை சொன்னதில்லை.

படப்பதிவுக்குக் கால் மணி நேரம் முன்னால் அவர் வந்து படுத்துக்கொண்டார். நர்ஸ் வேடம் போடும் லூபே அர்ரியாகா குளுக்கோஸ் குழாயை அவர் கையில் ஒட்டினாள். ஒன்பது வருஷமாக ஒட்டிவருகிறவள். நாள் முழுக்க அவரிடம் பேசுகிற ஒரே ஆளும் அவள்தான். அன்றைக்கு அவள் மூக்கு சிவந்திருந்தது.

"தைரியமா இருக்கியாப்பா?" என்றாள்.

"ராத்திரி பூரா தூங்கவே இல்லை."

"எனக்கும்தான். நேத்து தாளைப் பார்த்ததிலேருந்து சாப்பாடு இறங்கல. உனக்கு வருத்தமே இல்லையா வெர்னன்?"

"வருத்தமா? பதினோரு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தேன்."

லூபே சிலுவைக் குறி போட்டுக்கொண்டாள். "இவ்வளவு வேதனையை மனசுக்குள்ள வச்சுக்கிட்டா படுத்திருந்த! என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"உன்கிட்ட சொல்லாம என்ன? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். நல்லாப் பண்ணிடுவேன்ல?"

"இதுல நல்லாப் பண்ண என்ன இருக்கு?" என்று அவள் மூக்கை உறிஞ்சினாள். "சும்மா இருந்தாப் போதும்."

நல்ல யோசனை என்று தோன்றியது வெர்னனுக்கு. அலட்டாமல், சும்மா, இயல்பாகச் சொல்லிவிடுவது. கண்ணை மூடிக்கொண்டார்.

பகல் தொடரில் தினம் ஒரு பாகம் எடுத்து முடிக்க வேண்டும். ஒளிநாடா ஓட ஆரம்பித்தால் நிற்காது. செட் சரிந்து தலையில் விழுந்தால் நிறுத்தலாம், அதுவும் முக்கிய நடிகர் தலையாக இருந்தால். அன்றைக்குக் கூடுதலாக ஒரு நிமிஷமும் கிடையாது. மூன்று மணிக்கு அதே தளத்தில் ஒரு பரிசுப் போட்டி நிகழ்ச்சி. அதற்கான ராட்சதச் சக்கரத்தோடு எட்டுப் பேர் ஓரத்தில் தயாராக நின்றார்கள்.

டாக்டர் ஸ்டெர்லிங்காக நடித்தவர் டெக்ஸ்டர் லாங்ஃபோர்ட். வெள்ளி முடி. கூட நடிப்பவர் முகத்தைத் தன் தோளால் மறைத்துவிடுவதில் அந்த ஊரில் அவரை மிஞ்ச ஆளில்லை. அவர் நாடியைப் பிடித்தார்.

"நாம தோத்துட்டோம்," என்றார்.

வெர்னன் மனதுக்குள் மூன்று எண்ணினார். இரண்டு எண்ணும்போது முகத்தின் மேல் போர்வை வந்து விழுந்தது.

ரோஸ் தாளில் போர்வை கிடையாது. பாவி, தோளால் மறைத்தது போதாதென்று இன்றைக்குத் துணியால் மறைக்கிறான் என்று நினைத்தார் வெர்னன். பதினோரு வருஷப் பொறுமை அந்தப் போர்வைக்குள் தீர்ந்துபோனது. இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். கண்ணைத் திறந்தார். பழுப்பு நிறக் கண்.

"யாராவது ஜன்னலைத் திறங்க," என்றார்.

குரல் கணீரென்று வந்தது. ஓரத்தில் நின்ற எட்டுப் பேரில் ஒருவர் சக்கரத்தைக் கைவிட, அது டிக் டிக்கென்று சுற்றியது. மேலே கண்ணாடி அறையில் டைரக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். கேமராவைப் பார்த்தார். தன் தலையில் கை வைத்துக்கொண்டு, "ஓடட்டும்," என்றார்.

டெக்ஸ்டர் எழுதிக்கொடுத்ததை மட்டும் பேசத் தெரிந்த மனிதர். அவரிடம் ஒன்றரைப் பக்கம் மனப்பாடமாக இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. எனவே அதையே ஆரம்பித்தார்.

"எப்பேர்ப்பட்ட மனுஷன் இவர்!" என்றார், எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து. "இனி இந்தக் கண்கள் திறக்கப் போறதில்லை."

வெர்னன் கண்ணைச் சிமிட்டினார்.

"இந்த உதடுகள் இனி பேசப் போறதில்லை."

"பேசறேனே," என்றார் வெர்னன். அதோடு நாலு சொல்.

டெக்ஸ்டருக்கு வியர்த்துவிட்டது. வாய் மட்டும் அசைந்தது. சத்தம் நின்றுபோனது. அப்போதுதான் லூபே புகுந்தாள்.

"டாக்டர், நீங்க மூணு நாளாத் தூங்கல. ஆறாம் நம்பர் நோயாளிக்குச் சொல்ல வேண்டியதை ஏழாம் நம்பர்ல சொல்றீங்க," என்று அவரைத் தோளைப் பிடித்து வெளியே நகர்த்தினாள். பிறகு ஜன்னலிடம் போனாள். அது பலகையில் வரைந்த ஜன்னல். ரோஸ் தாளுக்காக நிஜ ஜன்னல் செய்து, மஞ்சள் தாள் வந்ததும் எடுத்துப் போய்விட்டார்கள். லூபே திரைச்சீலையை மட்டும் ஒதுக்கிவிட்டு, வரைந்த மரங்களைப் பார்த்தபடி, "நல்ல காத்து வருது மிஸ்டர் வெதர்பி," என்றாள். கண்ணீர் அவள் கன்னத்தில் தாரை தாரையாக ஓடியது. அது எந்தத் தாளிலும் இல்லாதது.

அரை மணி நேரம் கழித்து வெர்னன் பிரென்டிஸின் அறையில் நின்றார். பதினோரு வருஷத்தில் ஸ்டூடியோவில் இத்தனை நேரம் அவர் நின்றதில்லை.

"உங்களை யாரு சார் பேசச் சொன்னது?"

வெர்னன் ரோஸ் தாளை நீட்டினார். பிரென்டிஸ் மஞ்சள் தாளை நீட்டினார். இருவரும் ஒருவர் தாளை ஒருவர் படித்தார்கள்.

"எனக்கு இது வரலையே," என்றார் வெர்னன்.

"நீங்கதான் செத்துட்டீங்களே, எப்படி வரும்?" பிரென்டிஸ் நாற்காலியில் சாய்ந்தார். "திருப்பி எடுக்க நாள் இல்லை. மூணு வாரம் கழிச்சு வெள்ளிக்கிழமை இது ஒளிபரப்பாகும், தடுக்க முடியாது. ஆனா ராத்திரியோட ராத்திரியா உங்க உயிர் போயிடுச்சுன்னு ஒரு சின்னக் காட்சி எடுத்து வச்சுடுவேன். வெள்ளிக்கிழமை ஜனங்க கண்டுக்கலன்னா, திங்கட்கிழமை அதைப் போட்டுடுவேன். கண்டுக்கிட்டாங்கன்னா பார்க்கலாம். தள்ளிவிட்டது யாருன்னு உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"நான் மயக்கத்துல இருந்தேனே சார்."

"அதுவும் சரிதான்," என்றார் பிரென்டிஸ்.

மூன்று வாரமும் வெர்னனுக்கு வேலையில்லை. பகலில் முழித்திருந்து பழக்கமில்லாததால் ரொம்பச் சிரமப்பட்டார்.

அந்த வெள்ளிக்கிழமை, வீட்டில் தனியாகப் பார்க்க மனம் வரவில்லை. அழுக்குத் துணியை ஒரு தலையணை உறையில் போட்டுக்கொண்டு, தெருமுனை லாண்டரிக்குப் போனார். காசு போட்டால் ஓடும் இயந்திரங்கள் இரண்டு வரிசை. சுவரில் உயரே ஒரு டிவி. இரண்டு மணிக்கு அங்கே 'ஹாலோவெல் குன்று' ஓடும் என்பது தெரிந்ததுதான். பத்துப் பன்னிரண்டு பெண்கள் துணி மடித்துக்கொண்டிருந்தார்கள். வெர்னன் கடைசி இயந்திரத்துக்குப் பின்னால் தொப்பியை இறக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"நாம தோத்துட்டோம்," என்றார் டிவியில் டாக்டர். போர்வை விழுந்தது.

பெர்னிஸ் என்ற பருத்த அம்மாள் ஒரு போர்வையின் இரண்டு முனையைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். "போச்சா?" என்றாள். "பதினோரு வருஷம் பார்த்தேன். என் மூணாவது பிள்ளை பிறந்தப்ப படுத்தவன். அவ்வளவுதானா?"

டிவியில் போர்வை பறந்தது. "யாராவது ஜன்னலைத் திறங்க."

"அட, பேசிட்டான்டீ!" என்று பெர்னிஸ் போட்ட கூச்சலில் தெருவில் போன இரண்டு கார்கள் நின்றன. ஒருத்தி சோப்புத்தூள் டப்பாவைத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டாள். யார் யாரையோ கட்டிக்கொண்டார்கள். "பேசறேனே" என்றபோது எல்லாரும் கை தட்டினார்கள். வெர்னனும் தன்னையறியாமல் எழுந்து நின்று கை தட்டினார். தொப்பி விழுந்தது.

பெர்னிஸ் திரும்பிப் பார்த்தாள். டிவியைப் பார்த்தாள். மறுபடி அவரைப் பார்த்தாள்.

"உட்காரு!" என்றாள். "யாரு உன்னை எழுந்து நடமாட விட்டது? பதினோரு வருஷம் படுத்த உடம்புய்யா அது! ஒரு நாற்காலி கொண்டாங்கடி! எங்கே அந்த நர்சு?"

"அம்மா, நான் நடிகன்மா. நல்லாத்தான் இருக்கேன்."

"நடிகனோ கிடிகனோ, முகம் வெளுத்துக் கிடக்கு. முதல்ல இதைச் சாப்பிடு," என்று கோழி சாண்ட்விச் ஒன்றை அவர் கையில் திணித்தாள். "உன்னைத் தள்ளிவிட்டவளை என்ன பண்ணப் போற, அதைச் சொல்லு."

"யாரு தள்ளிவிட்டாங்கன்னு எனக்குத் தெரியாதுங்களே. எழுதறவங்களுக்கே தெரியாது. தெரியாததால திங்கட்கிழமை என்னைக் கொல்லப் போறாங்க."

துணி மடித்த கைகள் அத்தனையும் நின்றன.

"தெரியாதா?" என்றாள் பெர்னிஸ். "எட்டு வயசுப் பிள்ளைக்குத் தெரியுமேய்யா! உன் சித்தி கார்டீலியாதான்! அன்னைக்கு மாடிப்படியில அவ கையுறை கிடந்துச்சே, யாரும் பார்க்கலையா? ஏய், அந்த ஸ்டூடியோ நம்பர் யாருகிட்டடி இருக்கு?"

மூலையில் ஒரு கட்டணத் தொலைபேசி இருந்தது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்காக வைத்திருந்த சில்லறை எல்லாம் அதற்குள் போனது. வரிசையில் நின்று ஒவ்வொருத்தியாக நம்பரைப் போட்டுப் பார்த்தார்கள். உலர்த்திகள் ஒவ்வொன்றாக நின்றன. கூடைகளில் ஈரத்துணி சொட்டிக்கொண்டிருந்தது, அதை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. முக்கால் மணி நேரம் லைன் கிடைக்கவில்லை. கிடைத்ததும் பெர்னிஸ் ரிசீவரைப் பறித்துக்கொண்டாள்.

"ஏம்மா, அந்த வெதர்பியைக் கொன்னீங்கன்னா நான் நேர்ல வருவேன், சொல்லிட்டேன். ஆளு இங்கே என் பக்கத்துலதான் நிக்கிறான். என்னது? அப்படியா? ஓஹோ. சரி, சரி." அவள் திரும்பினாள். "மத்தியானத்துலேருந்து அவளுக்கு ஒண்ணுக்குப் போகக்கூட நேரமில்லையாம். நாடு பூரா போன் பண்ணுதாம். பாதிப் பேரு கார்டீலியா பேரைத்தான் சொல்றாங்களாம். உன் முதலாளி பக்கத்துல உட்கார்ந்து ஒவ்வொண்ணா எழுதிக்கிட்டு இருக்காராம். இந்தா, உன்னைக் கேக்கறாரு."

வெர்னன் வாங்கிக் காதில் வைத்தார்.

"மிஸ்டர் டாகெட்," என்றது பிரென்டிஸின் குரல். பின்னால் ஐம்பது மணிகள் அடித்துக்கொண்டிருந்தன. "அந்தத் திங்கட்கிழமைக் காட்சியை அழிச்சாச்சு. செவ்வாய்க்கிழமை காலையில ஏழு மணிக்கு ஒத்திகை. நீங்களே வரணும், மூட்டை வேண்டாம். பதினாலு பக்கம் பேசறீங்க. மனப்பாடம் ஆகுமா?"

"ஆகும் சார்," என்றார் வெர்னன்.

பெண்கள் சுற்றி நின்றார்கள். ஒருத்தி அவர் தொப்பியை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

"ஏம்பா," என்றாள் பெர்னிஸ், ஈரப் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்து. "பதினோரு வருஷமா எங்ககிட்ட ஒரு வார்த்தை பேசல நீ. அங்கே படுத்துக்கிட்டு என்னதான்யா நினைச்சுக்கிட்டு இருந்த?"

வெர்னன் சாண்ட்விச்சை ஒரு இயந்திரத்தின் மேல் வைத்தார். நெப்ராஸ்காவில் பஸ் ஏறியதிலிருந்து ஆரம்பித்தார். ஆறு மணிக்குக் கடைக்காரர் வந்து சாவியைக் குலுக்கியபோது எழுபத்தொன்பதாம் வருஷத்துப் பூகம்பத்துக்கு வந்திருந்தார்.

"சும்மா இருங்கய்யா," என்று கடைக்காரரை அதட்டினாள் பெர்னிஸ். "நீ சொல்லுப்பா. எல்லாரும் ஓடிட்டாங்க. அப்புறம்?"